வெள்ளை வேட்டிப் பரீட்சை

"இந்த வருஷம் தேர் உங்க தெரு வழியா வராது பெஞ்சமின்" என்று அண்ணன் சொன்னபோது நான் பரோட்டாவுக்கு மாவு வீசிக்கொண்டிருந்தேன். வீசிய மாவு கல்லின் விளிம்பில் விழுந்து அப்படியே தொங்கியது. அண்ணன் சேவியர்ராஜ் எங்கள் மாதா கோயில் பங்குப் பேரவையின் துணைத்தலைவர். வீட்டில் பேசினாலும் கூட்டத்தில் பேசுவது போலத்தான் பேசுவார். இருமினால்கூடத் தீர்மானம் நிறைவேறியது போல இருக்கும்.

காரணம் எங்கள் ஹோட்டல் புகை. அடுப்படிச் சுவரில் தெருவைப் பார்த்து ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருந்தோம். மட்டன் சுக்கா வாசனை ஈசிஆர் ரோட்டில் போகிற காரையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும் என்று அந்தப் பக்கம் வைக்கச் சொன்னவனே நான்தான். கார் வந்ததோ இல்லையோ, எதிர்வீட்டுச் சன்னல்கள் வருஷம் முழுக்கச் சாத்திக் கிடந்தன. போன திருவிழாவில் தேர் எங்கள் வாசலில் நின்றபோது மாதாவின் வெள்ளைப் பட்டில் எண்ணெய்க் கரி சொட்டுச் சொட்டாக விழுந்துவிட்டது. எதைப் போட்டுத் துவைத்தும் போகவில்லை. அன்றைக்குத் தெருவே எங்களைப் பார்த்த பார்வைக்கு நாலு அடி வாங்கியிருக்கலாம்.

என் மனைவி அந்தோணிமேரி கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். இடுப்பில் ஜெர்லின், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த எங்கள் பிள்ளை.

"மாமா, தேர் நம்ம வாசல்ல நிக்கும்போது புள்ளைய மாதா காலடியில வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

"வேற தெருவுல வையேம்மா. மாதா ஒண்ணுதானே?"

"நம்ம வாசல்லன்னு சொல்லித்தான் வேண்டிக்கிட்டேன். புள்ளைய குடுத்தப்புறம் அட்ரஸ மாத்துனா நல்லாவா இருக்கும்?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "மொதல்ல பொகைய நிறுத்துங்க, பாக்கலாம்" என்று கிளம்பிவிட்டார்.

மறுவாரமே மேரி பாண்டிச்சேரியிலிருந்து ஆட்களை வரவழைத்தாள். அடுப்புக்கு மேலே ஒரு பெரிய கூண்டு, அதில் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் தகடுகள், புகையைத் தண்ணீர்த் தூவலில் நனைத்து அனுப்பும் பெட்டி, அதிலிருந்து மொட்டைமாடியைத் தாண்டி நிற்கும் குழாய். வாசனை போனால் வியாபாரமும் போய்விடும் என்று எனக்குப் பயம். முதல் நாள் மத்தியானச் சமையல் முடிந்ததும் தகடுகளைக் கழற்றி வாஷிங் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்தேன். வாளி நிறையப் பழுப்பாகக் கொழுப்பு மிதந்தது.

"இதையா இத்தினி நாளு தெருவுக்கு ஊட்டிக்கிட்டிருந்தோம்?" என்றாள் மேரி.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் கண் எரியாமல் கல்லுக்கு முன்னால் நிற்பது அத்தனை சுகம் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய்விட்டுப் பாடினேன். சாப்பிட வந்தவர்கள் புகையே பரவாயில்லை என்றார்கள்.

அண்ணன் வாய்வார்த்தையை நம்புகிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தன் புது வெள்ளை வேட்டியை எதிர்வீட்டு மாடிக் கொடியில் கட்டினார். ஞாயிறுதான் எங்கள் அடுப்பு ஓயாத நாள். நாற்காலி போட்டுக் காவலுக்கும் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் பாதித் தெரு அந்த மாடியில் நின்றது. வேட்டியில் கரி இல்லை. அண்ணன் விடவில்லை, விரலால் தேய்த்துப் பார்த்தார். முகம் மாறியது.

"பிசுபிசுன்னு இருக்குது. எண்ணெய்தான் இது."

தொட்டவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். மேரி பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு, வேட்டி நுனியை எடுத்து வாயில் வைத்துச் சப்பினாள்.

"உப்பு மாமா. காத்து உப்பளத்துப் பக்கத்துலேருந்து அடிக்குது. நீங்களே பாருங்க."

பேரவைத் துணைத்தலைவர் ஊர் முன்னால் சொந்த வேட்டியைச் சப்பினார். ஒரு முனை போதாமல் இன்னொரு முனையையும் சப்பினார். கடலும் உப்பளமும் உள்ள எங்கள் ஊரில் எந்தத் துணிதான் சாயங்காலம் பிசுபிசுக்காது? பிறந்ததிலிருந்து அதைத்தான் உடுத்துகிறோம். எண்ணெய் எண்ணெய் என்றே பார்த்த கண்ணுக்கு அது தோன்றவே இல்லை. எதிர்வீட்டம்மா சிரித்துச் சிரித்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உப்புதான்" என்று அண்ணன் அறிவித்தார். "தேர் வரும்."

திருவிழா அன்று தேர் தெருமுனையில் திரும்பியபோது, "அடுப்ப அணைச்சிடட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? எரியட்டும்" என்றாள் மேரி.

கடையில் அவ்வளவு கூட்டம், கல்லை விட்டு நகர முடியவில்லை. சுக்காவைப் புரட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். பேண்டு உச்சத்தில் இருந்தது. தேர் வாசலில் நின்றதும் அண்ணன் பிள்ளையை மேரியிடமிருந்து வாங்கித் தலைக்கு மேலே தூக்கினார். அங்கிருந்து யார் யாரோ வாங்கினார்கள். எனக்குக் கண் கலங்கியது, புகையைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. மேலே குழாய் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, ஜனங்களின் தலைகளுக்கு மேலே, ஜெர்லினின் வெள்ளைக் கவுன் கை மாறிக் கை மாறி மாதாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.