நான் நடந்தோம்

புரூஃப் பார்க்கிறவன் கதைக்குள் போகக்கூடாது என்பார் எங்கள் அச்சக முதலாளி. கதைக்குள் போனால் கண் ஓடிவிடும், பிழை தப்பிவிடும். இடையில் ஒரு பதினோரு மாதம் தவிர, இருபது வருஷமாக நான் அப்படித்தான் வேலை பார்க்கிறேன். சட்டப் புத்தகமானாலும் சமையல் புத்தகமானாலும் எனக்குக் கொம்பும் காலும் புள்ளியும்தான். சிவப்பு மையில் திருத்துவேன், ஓரத்தில் குறி போடுவேன், அடுத்த கட்டை எடுப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை முதலாளி என் மேஜையில் வைத்த கட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மேலே பெரிய எழுத்தில் ‘தன்னந்தனியாக ஒரு கண்டம்’ என்று இருந்தது. அதன் கீழே என் மாப்பிள்ளையின் பெயர்.

“பெரிய பதிப்பகம், மொதல் தடவையா நம்மகிட்ட குடுத்திருக்காங்க. சொதப்பிடாதீங்க. ஒத்தை ஆளா முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு, விமானமே ஏறாம, பஸ்ஸுலயும் லாரிலயும் நடந்தும் ஒரு கண்டத்தையே தாண்டியிருக்காரு. படிச்சா புல்லரிக்குது” என்றார் முதலாளி.

எனக்குப் படிக்காமலே புல்லரித்தது. ஏனென்றால் அந்தக் கண்டத்தை அவனோடு சேர்ந்து தாண்டிய இன்னொரு மூட்டை என்னுடையது.

அவனும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டு. விளையாட்டாக நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். பிறகு அவன் என் தங்கையையே கட்டிக்கொண்டான், விளையாட்டு பலித்துவிட்டது. நாலு பேர் முன்னால் இப்போது ‘அவர்’ என்கிறேன். மனசுக்குள் அவன்தான்.

அந்தப் பயணத்தின் எட்டாவது மாதத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு எல்லை ஊர். பஸ் நிலையத்துக்கு எதிரே லாரி டயர் ஒட்டுகிற கடை, அதற்கு மேலே எங்கள் அறை. ஒரு கட்டில், ஒரு பல்பு, மூடாத ஜன்னல். அந்த ஜன்னலை என் ஸ்வெட்டரை வைத்து அடைத்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஆளை இடம் மாற்றினால் தாங்கமாட்டான், மணிக்கொரு தரம் தண்ணீர் உள்ளே போகவேண்டும் என்று சைகையிலேயே சொல்லிவிட்டுப் போனார். பத்தொன்பது நாள் கரண்டியால் தண்ணீர் ஊற்றினேன். துணி மாற்றினேன், துடைத்துவிட்டேன். இதற்கு மேல் விவரமாகச் சொன்னால் அவனுக்கு மரியாதையாக இருக்காது. ஏழாம் நாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “என்னை விட்டுட்டுப் போயிடாத மச்சான்” என்றான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவனுக்கு நினைவே இல்லை. பதினோராம் நாள் என் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. அப்பா போய்விட்டார்.

உடனே கிளம்பி விமானம் ஏறியிருந்தால் இரண்டாம் நாள் வீட்டில் இருந்திருப்பேன். நான் கிளம்பவில்லை.

ஊர் சுற்றப் போனவன் அப்பன் சாவுக்குக்கூட வரவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும். அம்மா பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. திரும்பி வந்த அன்று சாப்பாடு போட்டாள், அப்பாவின் படத்தைக் காட்டினாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தபோது மாப்பிள்ளை என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான். அவனுக்கு என் தங்கைமேல் அப்போதே கண். சாகக் கிடந்தவன் என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்?

“சின்னக் காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன் மச்சான். கல்யாணம் மட்டும் முடியட்டும். அப்புறம் புத்தகத்துல எல்லாத்தையும் எழுதுறேன். நீ பண்ணினதை ஒண்ணு விடாம எழுதுறேன். அத்தை அதைப் படிச்சுட்டு உன்னைக் கட்டிப் பிடிச்சு அழுவாங்க பாரு” என்றான்.

தங்கைக்கும் அவனைப் பிடித்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். எட்டு வருஷம் அந்தப் புத்தகத்துக்காகக் காத்திருந்தேன். எனக்குப் பேரும் வேண்டாம், படமும் வேண்டாம். அம்மாவின் காதில் விழுகிற மாதிரி ஒரே ஒரு பத்தி வேண்டியிருந்தது.

கட்டைப் பிரித்தேன். முதல் அத்தியாயத்தின் முதல் வரி இப்படி இருந்தது: ‘நான் விடிவதற்கு முன்பே எழுந்து நடந்தோம்.’

சிரித்துவிட்டேன். அடுத்த வரி: ‘நான் தேநீர் குடித்தோம்.’ அதற்கடுத்து: ‘என் மூட்டைகளை லாரியில் ஏற்றினோம்.’ பத்துப் பக்கம் புரட்டியபிறகு சிரிப்பு நின்றது. விஷயம் புரிந்துவிட்டது. நாங்கள் என்று எழுதியிருக்கிறான். பிறகு கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் எல்லா ‘நாங்க’ளையும் ‘நான்’ ஆக்கியிருக்கிறான், ‘எங்க’ளை எல்லாம் ‘என்’ ஆக்கியிருக்கிறான். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? சொன்னதைச் செய்தது. வேறு ஏதாவது மொழியாக இருந்தால் தப்பித்திருப்பான். நம் மொழியில் ஆளை வெட்டி எறிந்தாலும் வினைச்சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். நடந்தோம், போனோம், ஏறினோம், தூங்கினோம் என்று பக்கம் முழுக்க நான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

‘இருவரும்’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘தனியாக’ என்று போட்டிருந்தான். அதுவும் ஒரே தட்டுதான். ‘மலைப்பாதையில் நான் தனியாகச் சண்டை போட்டுக்கொண்டோம்’ என்று ஒரு வரி. ‘நான் தனியாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்’ என்று இன்னொன்று. அந்தச் சண்டை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கூடாரத்தை யார் சுமப்பது என்று சண்டை. கடைசியில் சுமந்தது நான்.

பதினான்காம் அத்தியாயத்துக்குத் தாவினேன். அதில்தான் காய்ச்சல் வருகிறது. டயர் கடை இருந்தது, பல்பு இருந்தது. ஜன்னலை அடைத்த ஸ்வெட்டர்கூட இருந்தது, ‘என் ஸ்வெட்டர்’ என்று. ‘அந்த அறையில் நான் தன்னந்தனியாகக் கிடந்தோம். சாவை நான் தனியாகப் பார்த்தோம்.’ அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை அச்சகத்துக்கே வந்துவிட்டான். பதிப்பகத்தில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். காகிதக் கட்டுகள் அடுக்கியிருக்கிற மூலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

“மச்சான், உன்கிட்டயா வந்துச்சு?”

“என்கிட்டதான் வந்துச்சு. நான்தான் படிச்சோம்” என்றேன்.

அவன் முகம் செத்துவிட்டது. “கோவிச்சுக்காத. நான் நாங்கன்னுதான் எழுதினேன். பதிப்பாளர்தான் ஒத்துக்கல. ரெண்டு பேர் போனா அது சுற்றுலா, ஒருத்தன் போனாத்தான் பயணம்னு சொல்றாரு. அவசரத்துல மாத்தினேன், அரைகுறையா மாறியிருக்கு.”

“சரி, மத்ததையெல்லாம் விடு. காய்ச்சலையும் தனியாவா பட்ட?”

“அந்த அத்தியாயம்தான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு மச்சான். பக்கத்துல ஒருத்தன் உக்காந்து தண்ணி குடுத்துட்டு இருந்தான்னு எழுதினா அதுல என்ன இருக்கு சொல்லு?”

அவன் என்னைப் பார்க்காமல் காகிதக் கட்டின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான்.

“அம்மாவுக்குத் தெரியணும்னு சொன்னியே” என்றேன்.

“எட்டு வருஷம் ஆச்சு. இனிமே அதைக் கிளறி என்ன ஆகப்போகுது? அப்படி இருந்தா நீயே எழுதியிருக்கலாமே? உன்னை யாரு வேணாம்னா?”

அது சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் தைத்தது. தினமும் சாயங்காலம் அவன் நோட்டைத் திறந்துகொண்டு உட்காருவான். நான் மறுநாள் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிப்பேன், ரொட்டி வாங்குவேன், அவன் காலுறையையும் சேர்த்துத் துவைத்துப் போடுவேன். அவன் எழுதினான், நான் துவைத்தேன். காய்ந்த காலுறையை யாரும் அச்சில் போடுவதில்லை.

போகும்போது என் தோளில் கை வைத்தான். “அந்தத் தோமையெல்லாம் மட்டும் பாத்துத் தேனாக்கிடு மச்சான். உன் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது.” தேன் என்று எவ்வளவு இனிப்பாகச் சொன்னான் தெரியுமா!

அன்று சாயங்காலமே பதினான்காம் அத்தியாயத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். அம்மா அங்கேதான் இருக்கிறாள். கண்ணில் புரை, அதனால் செய்தித்தாளைக்கூடத் தங்கைதான் படித்துக் காட்டுவாள். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. தங்கை காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காகிதத்தைப் பார்த்ததும் அவளுக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. அவள் முன்பே படித்திருக்கிறாள்.

“இதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு. போட்டிருக்கிற மாதிரியே படி” என்றேன்.

“இப்ப எதுக்குண்ணா?”

“என்னடா அது? மாப்பிள்ளை எழுதினதா? படிடி, கேப்போம்” என்றாள் அம்மா.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். நல்ல குரல் அவளுக்கு. ‘அந்த அறையில் நான் தன்னந்தனியாகக் கிடந்தேன்’ என்று படித்தாள். ‘சாவை நான் தனியாகப் பார்த்தேன்’ என்று படித்தாள். தோம் என்று அச்சிட்டிருந்த இடத்திலெல்லாம் அவள் நாக்கு ஒரு சிக்கலும் இல்லாமல் தேன் என்று சொல்லிக்கொண்டு போனது.

“அதுல அப்படியா போட்டிருக்கு? என்ன போட்டிருக்கோ அதைப் படி.”

“எழுத்துப் பிழைண்ணா. பிழையைப் போய் படிக்கச் சொல்றியே.”

“அது ஒண்ணுதான் பிழை இல்ல. மீதியெல்லாம்தான் பிழை.”

“ஏண்டா அவகிட்ட மல்லுக்கு நிக்கிற?” என்று அம்மா அதட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. “பாவம் மாப்பிள்ளை. சின்னக் காய்ச்சல்னுல்ல சொன்னாரு! இப்படிக் கிடந்திருக்காரே, பக்கத்துல ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் இல்லாம.”

“அம்மா, நான் இருந்தேன். அந்த ரூம்ல பத்தொன்பது நாளும் நான்தான் இருந்தேன். தண்ணி குடுத்தது நான். அதனாலதான் அப்பாவுக்கு வரல” என்றேன். எட்டு வருஷமாக வைத்திருந்த வார்த்தை. குரல் என்னவோ திருட்டுப் பயல் குரலாகத்தான் வந்தது.

அம்மா நான் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, நிதானமாகத்தான் கேட்டாள்.

“நீ இருந்திருந்தா அவரு எழுதாம விடுவாராடா? அச்சுல வர்ற புத்தகத்துல யாராச்சும் பொய் எழுதுவாங்களா?”

அச்சகத்தில் இருபது வருஷம் வேலை பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வி! தங்கையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ‘ஆமாம்மா, அண்ணன் இருந்தான்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் தாள்களை வரிசைப்படுத்தி என் கையில் கொடுத்தாள். “போதும்ணா. அம்மா அழுதா பிரஷர் ஏறும்” என்று சொல்லிவிட்டு நறுக்கிய காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை அச்சகத்தில் பேனாவைத் திறந்தேன். ஒன்றிரண்டு தோமை விட்டுவைக்கலாமா என்ற ஆசை வராமல் இல்லை. ஆனால் விட்டுவைத்தால் யாருக்கு என்ன புரியும்? புரூஃப் பார்த்தவன் தூங்கிவிட்டான் என்பார்கள். நான் அந்த அறையில் இருந்ததற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி என் வேலையில் விழுந்த ஓட்டையாகத்தான் தெரியும். அதனால் ஒன்று விடாமல் திருத்தினேன். நடந்தேன், போனேன், ஏறினேன், தூங்கினேன். ‘தனியாக ஒருவரையொருவர்’ என்பதைக்கூட அழகாக ஒப்பேற்றிக் கொடுத்தேன். என்னை நானே வரிக்கு வரி இறக்கிவிட்டேன். குறிகள் சுத்தமாக விழுந்தன.

பதினான்காம் அத்தியாயத்தில் தங்கை படிக்காமல் விட்ட பக்கம் வந்தது. ‘பதினோராம் நாள் ஊரிலிருந்து செய்தி வந்தது. அப்பா போய்விட்டார். நான் அந்த அறையின் தரையில் உட்கார்ந்து அழுதோம்.’

அவனுடைய அப்பா அவன் பள்ளிக்கூடம் சேரும் முன்பே இறந்தவர். இது என் அப்பா. அவன் அப்போது கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தான். அப்படியானால் ‘நாங்கள் அழுதோம்’ என்று முதலில் எழுதியபோதே பொய்தான் எழுதியிருக்கிறான். பயணத்தில் பாதி என்னுடையது, அதை எடுத்துக்கொண்டான். இதில் அவனுக்குப் பங்கே கிடையாது, இதையும் எடுத்துக்கொண்டான்.

தோம் என்பதை அடித்துவிட்டுத் தேன் என்று போட்டேன். நான் அந்த அறையின் தரையில் உட்கார்ந்து அழுதேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அப்பழுக்கில்லாத உண்மை அந்த ஒரு வரிதான், அதை என் கையாலேயே எழுதிவிட்டேன். புத்தகம் வந்ததும் தங்கை அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள். பெற்ற பிள்ளை எட்டிப் பார்க்காத சாவுக்கு மாப்பிள்ளை அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறாரே என்று அம்மா சொல்வாள்.