மூன்றாம் ஓலை

ஏழு மணி பூசைக்குப் போக ஆன்றோ ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே எழுந்துவிடுவான். பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். தலையை ஒட்டுவதற்கு அவனுக்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

முதலில் ஃபேனை நிறுத்த வேண்டும். வில்லாபுரத்தில், மே மாதத்தில், கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு ஃபேனை நிறுத்துகிறவன் ஒன்று துறவியாக இருக்க வேண்டும், இல்லை ஏதாவது மறைக்கிறவனாக இருக்க வேண்டும். அப்புறம் மண்டையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரண்டு பக்கமும் பசையுள்ள டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, அதன் மேல் ஒட்டு முடியை நெற்றியிலிருந்து பின்பக்கமாக வைத்து அழுத்த வேண்டும். ஒரு நூல் விலகினாலும் போச்சு. வேர்வையில் டேப் வழுக்கும். துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"முடிஞ்சுச்சாப்பா?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டாள் அவன் அம்மா ஆனிமேரி. "இன்னைக்கு மூணாவது ஓலை. இன்னைக்கு ஒரு நாளைத் தாண்டிட்டா போதும்."

கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணம் என்றால், மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண் பேரை ஊரறிய வாசிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பேர். 'இவர்களுக்குள் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்' என்று கடைசியில் ஒரு வரி வரும். ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா, நெருங்கிய ரத்த உறவா என்று விசாரிக்கத்தான் அந்த வரி. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் இல்லையா? அந்த வரியில் வருகிற 'தடை' தன் மண்டைதான் என்று ஆன்றோ முடிவே கட்டிவிட்டான்.

அவனுக்கு வயது இருபத்தெட்டு. முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்திலேயே முன்நெற்றி ஏறத் தொடங்கிவிட்டது. சின்ன வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணித் தைலம், போனில் விளம்பரம் பார்த்து வாங்கிய மாத்திரை என்று எதையும் அவன் விட்டு வைக்கவில்லை. முடி மட்டும் அவனை விட்டுப் போய்க்கொண்டே இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் 'ஹைமாஸ் சார்' என்று பேர் வைத்தார்கள். முச்சந்தியில் நிற்கிற உயரமான லைட்டு இருக்கிறதே, அதுதான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து பார்க்க வந்த பெண்வீட்டார், காபியைக் குடித்துவிட்டு, "பையனுக்கு வயசு கூடத் தெரியுதே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு அவன் அழுததை அவன் அம்மா பார்த்தாள்.

அதன் பிறகுதான் வேறு பள்ளிக்கூடம், வில்லாபுரத்தில் வேறு வீடு, ஒட்டு முடி எல்லாம். மதுரையில் ஒட்டு முடி வைக்கிற கடை இல்லாமலா? இருக்கிறது. ஆனால் மதுரையில் தடுக்கி விழுந்தால் சொந்தக்காரன் மேல்தான் விழ வேண்டும். அதனால் திண்டுக்கல்லில் ஒரு மாடிக் கடையைப் பிடித்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அங்கே போய் ஒட்டு முடியைக் கழற்றி, கழுவி, ஒழுங்குபண்ணி ஒட்டிக்கொண்டு வருவான். ஆறு மாதத்துக்கு முன்னால் பரவையிலிருந்து ஐரினின் சம்பந்தம் வந்தபோது ஆனிமேரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்காங்க. நாம ஒண்ணுதானப்பா சொல்றோம்."

அந்த ஒரு பொய்க்குச் சோறு போட்டு வளர்ப்பது லேசான வேலையா? சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் திரும்பினால், தலையைத்தான் பார்க்கிறான். ஆசிரியர் அறையில் இரண்டு பேர் சிரித்தால், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். ஐரின் வீடியோ காலில் வந்தால் டவர் இல்லை என்று வைத்துவிடுவான். நல்ல பையன்தான் அவன். ஆனால் ஆறே மாதத்தில் உலகத்தில் உள்ள கண்ணெல்லாம் தன் உச்சந்தலைக்கு மேலேதான் சுற்றுகிறது என்று நம்ப ஆரம்பித்துவிட்டான்.

எல்லாரையும்விட அவன் அதிகம் சந்தேகப்பட்டது ஜூடை. கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன், அதே தெருக்காரன், இருபத்து நாலு வயது. முதல் ஓலை வாசித்த அன்று ஜூடு பாட்டின் நடுவே நிமிர்ந்து ஆன்றோவின் தலையையே பார்த்தான். இரண்டாம் ஓலை அன்றும் பார்த்தான். பூசை முடிந்து வெளியே வந்தபோது, "அண்ணே, உங்கள்ட்ட ஒரு விசயம் கேக்கணும்" என்று பக்கத்தில் வந்தான். "அப்புறம் பாக்கலாம் தம்பி" என்று ஆன்றோ தப்பித்து ஓடிவிட்டான். இவனுக்குத் தெரிந்துவிட்டது, மிரட்டப் பார்க்கிறான் என்று இராத்திரி முழுக்கப் புரண்டான்.

போதாக்குறைக்கு ஐரினின் பேச்சும் மாறியிருந்தது. புதன்கிழமை போனில் கேட்டாள். "போன சனிக்கிழமை எங்க இருந்தீங்க?"

"ஸ்பெஷல் கிளாஸ்."

"ஸ்கூல்லயா?"

"பின்ன எங்க?"

 "சரி, வைக்கிறேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவே இல்லை. ஜூடு சொல்லிவிட்டான், சந்தேகமே இல்லை என்று ஆன்றோ நினைத்தான்.

இப்படி ஒரு மனசோடுதான் அன்று கோயிலுக்குப் போனான். சுவர் ஃபேன் காற்று படாத தூண் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தான். திரும்பிப் பார்த்தான். கடைசி வரிசையில் ஐரின் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா தனிஸ்லாஸ். மிஷன் பள்ளி ஆபீசில் முப்பது வருசம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், சட்டைப் பையில் நீளமாக ஒரு கவர். அவர்களுக்குப் பரவையிலேயே கோயில் இருக்கிறது, அங்கேயும் இதே ஓலையை வாசிக்கிறார்கள். பதினைந்து கிலோமீட்டர் தாண்டி இங்கே எதற்கு வந்தார்கள்? ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

அந்த நேரம் பார்த்து ஜூடு, கையில் ஒரு தாளோடு, பீடத்தின் பக்கத்தில் சாமியார் உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போனான். திரும்பி வரும்போது நேராக ஆன்றோவைப் பார்த்துச் சிரித்தான்.

பூசையில் என்ன நடந்தது என்று ஆன்றோவைக் கேட்டால் தெரியாது. ஓலை வாசிக்கும்போது மட்டும் காது திறந்தது. "மறைந்த சவரிமுத்து, ஆனிமேரி ஆகியோரின் மகன் ஆன்றோவுக்கும்..." வேர்வை காதோரம் இறங்கியது. டேப் நழுவுகிற மாதிரி இருந்தது. இப்போது யாரோ எழுந்து நிற்கப் போகிறார்கள் என்று காத்திருந்தான். யாரும் எழவில்லை. பூசை முடிந்ததும் ஐரினும் அவள் அப்பாவும் அவனிடம் வரவில்லை. நேராகப் பங்கு அலுவலகத்தின் பக்கம் நடந்து, வராந்தாவில் சாமியாருக்காகக் காத்து நின்றார்கள்.

ஆன்றோ விடுவிடுவென்று வெளியே வந்தான். மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த ஜூடின் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"எம்புட்டு நாளாடா காத்துக்கிட்டு இருந்த?"

"என்னண்ணே?"

"நடிக்காத. ஃபாதர்ட்ட என்ன எழுதிக் குடுத்த? எந் தலையில இருக்கிறது ஒட்டு முடின்னா? வாரம் விட்டு வாரம் திண்டுக்கல்லுக்குப் போயி ஒட்டிக்கிட்டு வாரேன்னா? பொண்ணு வீட்டையும் வரவழைச்சிட்ட. நா ஒனக்கு என்னடா பாவம் பண்ணேன்?"

கோபத்தில் தன் குரல் எவ்வளவு ஏறிவிட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. வளாகத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜூடு கையிலிருந்த தாளை நீட்டினான்.

"அண்ணே, இது பாட்டு லிஸ்ட்டு. காணிக்கைப் பாட்டை மாத்தச் சொன்னாரு ஃபாதர்." அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. ஆன்றோவின் தலையை வாய் பிளந்து பார்த்தான். "அப்ப அது உங்க முடி இல்லையாண்ணே?"

தவளை தன் வாயால் கெட்டது.

"எனக்கும் முன்னாடி முடி கொட்டுதுண்ணே" என்றான் ஜூடு, கிட்டத்தட்ட அழுகிற குரலில். "உங்களுக்கு இம்புட்டு அடர்த்தியா இருக்கே, என்ன தேய்க்கிறீங்கன்னு கேக்கத்தான் ரெண்டு வாரமா பாத்துக்கிட்டு இருந்தேன். கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

ஆன்றோவின் கை தானாகக் கீழே இறங்கியது. பின்னால் ஐரினின் குரல் கேட்டது.

"திண்டுக்கல்லுக்கு இதுக்குத்தான் போனீங்களா?"

வராந்தாவிலிருந்து இறங்கி வந்து நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒரு வாரமாகத் தூங்காத முகம்.

"எங்க சித்தி மக தமிழ்வாணி அங்கதான் வேலை பாக்குறா" என்றாள். "ரெண்டு தடவ உங்களைப் பாத்திருக்கா. ஒரு மாடிப்படி ஏறிப் போறீங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குளிச்சுச் சீவின தலையோட இறங்கி வாரீங்க. எங்க ஊரு வழியாத்தான் பஸ்ஸு போகுது, ஒரு நா இறங்கல. கேட்டா ஸ்பெஷல் கிளாஸ்ங்கிறீங்க. நா என்னன்னு நினைக்கிறது? அங்க ஒரு குடும்பம் வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

தனிஸ்லாஸ் பையிலிருந்த கவரை எடுத்துக் காட்டினார். ஆபீஸ் பழக்கம் போகுமா? பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, கல்யாணத்தை நிறுத்தி வைத்து விசாரிக்கும்படி பங்குச்சாமியாருக்கு முறைப்படி விண்ணப்பம் எழுதியிருந்தார். "முந்தாநேத்து எழுதினேன் தம்பி.  எம் பொண்ணு ஒரு வாரமா சரியாச் சாப்பிடல" என்றார்.

ஆனிமேரி ஓடி வந்தாள். "எந் தப்புதாம்மா. நாந்தான் மறைக்கச் சொன்னேன்."

ஐரின் அவளைப் பார்க்கவில்லை. "ஏன் சொல்லல?" என்று ஆன்றோவிடம் கேட்டாள்.

"தெரிஞ்சா நீ வேணாம்னு சொல்லிருவன்னு..."

"கேட்டீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேள்வியும் நீங்களே கேட்டு, எனக்குப் பதிலா பதிலும் நீங்களே சொல்லிக்கிட்டு, அதை நம்பி ஆறு மாசமா ஓடி ஒளிஞ்சிருக்கீங்க. என்னை இம்புட்டுத்தான் நினைச்சீங்களா?"

 ஆறு மாதமாக ஊரையே சந்தேகப்பட்டவன், தன்னை நம்பி வந்த பெண்ணையும் அந்தக் கூட்டத்திலேயே சேர்த்திருக்கிறோம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவமானமாக இருந்தது, தலைக்காக இல்லை. கையை உயர்த்தி நெற்றிப் பக்கம் நகத்தைக் கொடுத்து, அத்தனை பேர் பார்க்க, ஒட்டு முடியை இழுத்தான். டேப் விடமாட்டேன் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினான். உள்ளே மண்டை முழுக்க வேர்க்குரு, சிவந்து கிடந்தது.

"பையப் பைய எடுங்க, தோலு வந்துரும்" என்றாள் ஐரின், தன்னை அறியாமல். 

பங்குச்சாமியார் அலுவலக வாசலுக்கு வந்து நின்றார். ஆன்றோவின் தலையைப் பார்த்தார், கையில் இருந்ததைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல், "ஏதோ முக்கியமாப் பேசணும்னு சொன்னீங்களாம்?" என்று தனிஸ்லாஸைக் கேட்டார்.

தனிஸ்லாஸ் மகளைப் பார்த்தார். கவர் அவர் கையில்தான் இருந்தது.

"கல்யாணத்த நிறுத்தச் சொல்லத்தான் வந்தோம் ஃபாதர்" என்றாள் ஐரின். "இவருக்கு முடி இல்லேங்கிறதுக்காக இல்ல. அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அதை மறைக்க இவரு பண்ணின திருட்டுத்தனத்தப் பாத்துட்டுத்தான் நிறுத்த வந்தோம்." பிறகு ஆன்றோவின் பக்கம் திரும்பினாள். ஜூடும் கேட்கட்டும் என்றோ என்னவோ, சத்தமாகவே சொன்னாள்.

"வழுக்கைன்னு வேணாம்னு சொல்றவ போனாப் போகட்டுங்க, அவ போனதே நல்லது. கூட இருக்கணும்னு நினைக்கிறவளத்தான் நீங்க மறைச்சு மறைச்சு விரட்டப் பாத்தீங்க. முடி கொட்டுறது யாரு குத்தமும் இல்ல. கொட்டினத மறைக்கப் போயி மனுசங்கள நம்பாம ஆனீங்க பாருங்க, அதுதான் குத்தம்." அப்பாவின் கையிலிருந்த கவரை வாங்கி இரண்டாகக் கிழித்தாள். "இருக்கிற தலையோட வாங்க. நான் கழுத்த நீட்டுறேன்."