அக்காவின் மாலை டியூட்டி

அலுவலகத்தில் அவளுக்குக் குரல்காரி என்றுதான் பெயர். மறதி நோய் வந்தவர்களின் வீடுகளுக்குப் பேசும் பெட்டிகள் செய்து தரும் சின்ன நிறுவனம் அது. பெட்டி எந்தக் குரலில், எந்த நேரத்தில், என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்வது அவள் வேலை. “நீங்க உங்க வீட்டுலதான் இருக்கீங்க, கவலைப்பட ஒண்ணுமில்ல” என்று அவள் தேடிப் பிடித்த பெண்குரல் சொன்னால், காய்ச்சல் நெற்றியில் ஈரத்துணி போட்டதுபோல இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அன்று அவள் பார்க்கப் போன வீட்டில், அப்படி ஒரு பெட்டியைத் துண்டில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, அலமாரிக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார் சலூன்காரர்.

“எடுத்துட்டுப் போயிடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

கீழே தெருவைப் பார்த்தபடி அவருடைய சலூன். மாடியில் இரண்டு அறைகள். அதில் அவரும் அவருடைய அக்காவும். வேறு யாருமில்லை.

“சாயங்காலம் ஆனா அக்கா டியூட்டிக்குக் கிளம்பிடுது. கதவுகிட்ட போனா உங்க பெட்டி, நீங்க வீட்டுலதான் இருக்கீங்கன்னு ஆரம்பிக்குது. அக்கா பயந்து கத்துது. வீட்டுக்குள்ள எவளோ ஒளிஞ்சிருக்காளாம். என்னைப் பிடிச்சு உலுக்குது. பாதி ஷேவிங்ல ஆளை விட்டுட்டு மேல ஓடி வர்றேன். நான் கடையைப் பாப்பேனா, இதைப் பாப்பேனா?”

குரல்காரிக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் கீழே போனதும் உள்ளறையை எட்டிப் பார்த்தாள்.

ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்திருந்தார். தம்பி வெட்டிவிட்ட தலைமுடி காதோரம் ஒழுங்காக நின்றது. மடியில் கைப்பை. சாய்ந்த வெயிலில் தூசி மெல்ல மிதக்க, அறையே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல இருந்தது. வெளியே மின்கம்பிகளும் துணிக்கொடிகளும் வீட்டுக்கு வீடு ஓடின. அக்காவின் பார்வை ஒவ்வொன்றின் மீதும் நடந்து போய்த் திரும்பியது.

“புது ஆளா? உக்காரு. சத்தம் போடாதே, லைன்ல ஆள் இருக்கு.”

ஒவ்வொரு அழைப்பையும் கையால் வயர் செருகி இணைத்த காலத்தில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர் அவர். இது வீடு, நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அவளுடைய பெட்டி அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது?

“ஒரு கால் பேசணும் மேடம்,” என்றாள்.

“எங்க?”

“கீழ இருக்கே, சலூன். அங்க.”

அக்காவின் கை காற்றில் எழுந்து, கண்ணுக்குத் தெரியாத வயரை எடுத்து ஜன்னல் சட்டத்தில் செருகியது. என்ன தோன்றியதோ, குரல்காரி தன் கைபேசியில் நிஜமாகவே சலூனைக் கூப்பிட்டாள். கீழே மணி அடித்த சத்தம் ஜன்னல் வழியாக மிதந்து வந்தது.

“அடிக்குது பாத்தியா?” அக்காவுக்கு வாயெல்லாம் பல். “பேசு, பேசு.”

அன்று மாலை அவர் கதவுப் பக்கமே போகவில்லை.

அக்கா நிஜமாகவே இணைப்புக் கொடுக்க ஒரு பலகை செய்து தரலாம் என்று அவள் சொன்னதற்கு மேலாளர் எளிதில் மசியவில்லை. “வயசானவங்களுக்குப் பொம்மை குடுத்து ஏமாத்துற மாதிரி இல்லையா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி அவளையும் அரித்துக்கொண்டிருந்ததுதான்.

“அவங்க செருகுற இடத்துல நிஜமாவே மணி அடிச்சா, அது பொம்மை இல்ல சார். யாரும் பொய் சொல்ல வேண்டாம். பெட்டி எதையும் சொல்லவே வேண்டாம். கேட்டாப் போதும்.”

“வீட்டுக்கு வீடு வேற வேற பெட்டின்னு செஞ்சா நாம கடையை மூட வேண்டியதுதான்.” முணுமுணுத்தாரே தவிர, தடுக்கவில்லை.

வயரிங் செய்பவரோடு உட்கார்ந்து ஒரு பலகை செய்தாள். நாலைந்து துளைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு குட்டி விளக்கு, துணி சுற்றிய வயர்கள், காதில் மாட்ட ஒரு ஹெட்செட். தெருவில் ஏறி இறங்கி, பேக்கரியையும் சலவைக் கடையையும் பூட்டு சாவிக் கடையையும் பிடித்தாள். மாலையில் ஒருவரையொருவர் கூப்பிட வேண்டுமென்றால் அக்கா வழியாகக் கூப்பிடுவதாக எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அப்படித்தான் அந்தத் தெருவுக்கு ஓர் எக்ஸ்சேஞ்ச் வந்தது. வெயில் சாயும்போது அக்கா ஜன்னலோர மேசையில் வந்து உட்காருவார். விளக்கு ஒளிரும். “எங்க வேணும்? லைன்ல இருங்க,” என்பார். சில நாள் பேச்சு நீண்டால் நடுவில் புகுந்து, “வெட்டிப் பேச்சு வேண்டாம் சார், வெளியூர் டிரங்க் கால் காத்திருக்கு,” என்று அறுத்துவிடுவார்.

தப்பாகவும் செருகினார். “சலூன் கேட்டேன், சாவிக் கடையக் குடுத்துட்டாங்க,” என்று சிரித்தார் பேக்கரிக்காரர். “நல்லதாப் போச்சு. என் அலமாரிப் பூட்டு ரொம்ப நாளாச் சிக்குது. அதைப் பேசி முடிச்சுட்டேன்.”

சலூன்காரருக்கு முகத்தில் தெளிவு வந்தது. “முன்னெல்லாம் மாடியில சத்தம் கேட்டாப் பக்குன்னு இருக்கும். இப்ப சத்தம் கேக்கலன்னாதான் பயம்.”

மழைக்காலத்தில் அக்காவின் விரல்கள் தடுமாற ஆரம்பித்தன. விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்க ஒரு மாலை குரல்காரி போயிருந்தாள். சோதிப்பதற்காக அவள் காதிலும் ஒரு ஹெட்செட். தெரு முழுக்கக் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. சலூன் விளக்கு எரிந்தது.

“எங்க வேணும்?”

ஹெட்செட்டில் மழைச் சத்தம் மட்டும்.

“ஹலோ, லைன்ல இருக்கீங்களா சார்?”

“எங்கயும் வேண்டாம் மேடம்,” என்றது சலூன்காரரின் குரல், உடைந்துபோய். “சும்மாதான். எங்க அக்காவுக்கு உடம்பு சரியில்ல...”

குரல்காரி சட்டென்று ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தாள். அதன் பிறகு அக்கா பேசியது மட்டும்தான் அவளுக்குக் கேட்டது.

“உங்களையே அடையாளம் தெரியலையா? அடப்பாவமே... தொந்தரவெல்லாம் இல்ல சார், இந்நேரத்துக்கு லைன் காலியாத்தான் கிடக்கும்... அழுங்க, பரவால்ல.” அக்கா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். விரல் வயரைத் தடவிக்கொண்டே இருந்தது. “எனக்கும் ஒரு தம்பி இருக்கான் சார். முடி வெட்டுவான். அவன் கை தலையில பட்டாலே கண்ணு சொருகும். எனக்குக் கோபம் வந்தா அவனைத்தான் திட்டுவேன். வேற யாரத் திட்டுறது? அவன் போக மாட்டானே... நீங்க சாப்பிட்டீங்களா? மொதல்ல சாப்பிடுங்க.”

அவள் கீழே இறங்கிப் போனாள். நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு ஒருவர் மழையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சலூன்காரர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“நீங்களும் கேட்டீங்களாம்மா?”

“கழட்டி வச்சுட்டேன் அண்ணே.”

அவர் தலையாட்டினார். “அக்கா பழையபடி பேசுச்சும்மா. என்கிட்ட இல்ல. யாரோ ஒருத்தன்கிட்ட. ஆனாலும் பேசுச்சு.”

மறுநாள் அவள் மேலாளரின் முன்னால் போய் நின்றாள். நிறுவனம் தன் பெட்டிகளிலும் அந்தப் பலகையிலும் பேசுவதையெல்லாம் ஆராய்ச்சிக்கென்று பதிவு செய்து வைப்பது வழக்கம். அந்த வீட்டுப் பதிவு அத்தனையையும் அழிக்க வேண்டும், இனி எந்த வீட்டிலும் பதிவு கூடாது என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார், வாதாடினார், கடைசியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

குளிர் வருவதற்குள் அக்கா வயர்களை மறந்துவிட்டார். ஹெட்செட்டை மட்டும் கழற்ற விடமாட்டார். பேக்கரியும் சாவிக் கடையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதை நிறுத்தின. சலூன்காரர் சொன்னபடி, சலூனுக்கும் மாடிக்கும் நடுவே ஒரு லைனை நாள் முழுக்கத் திறந்தே இருக்கும்படி மாற்றிக் கொடுத்தாள் குரல்காரி.

அந்த லைனில் யாரும் பேசுவதில்லை. கத்தரிக்கோல் ஓடும் சத்தம், தண்ணீர் பீய்ச்சும் சத்தம், யாரோ எதற்கோ சிரிப்பது. ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணை மூடி, அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நடுநடுவே, மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்வதுபோல, லேசாக ஒரு “ம்” சொல்வார். அது கேட்டு, கீழே கத்தரிக்கோல் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடும்.