திங்கட்கிழமை திக்கும் வண்டி

"பழைய பிளக்கைத் தேச்சுத் துடைச்சு, புதுசுன்னு என் தலையில கட்டிட்டீங்க. இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்."

"கழட்டினதை உங்க கையிலதானே குடுத்தேன், சம்பந்தி. புதுசை உங்க கண்ணு முன்னாடிதானே உறை பிரிச்சேன்."

"உறை புதுசுதான். உள்ள இருந்தது?"

வொர்க்‌ஷாப் வாசலில் டைல்ஸ் கடைக்காரர் போட்ட சத்தம் நாலு வீடு தாண்டிப் போனது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்தினாள். மிஷின் ஓடினால் பாதி வார்த்தை காதில் விழாது. அவசரத் துணி அப்புறம் தைத்துக்கொள்ளலாம்.

சண்டை அந்த இருபது வருஷத்து பிக்கப்பைப் பற்றியது. திங்கட்கிழமை காலையில் லோடு ஏற்றிக் கிளம்பினால் திக்கும், குலுங்கும், மேட்டில் ஏறாமல் நின்றுவிடும். தள்ளிக்கொண்டும் உருட்டிக்கொண்டும் மத்தியானம் வொர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தால், டாக்டர் வீட்டு வாசலைப் பார்த்ததும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி சமர்த்தாக ஓடும். மெக்கானிக் பிளக் மாற்றினார், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தார். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் திக்கல்.

வேறு ஆளாக இருந்தால் "வேற கடை பாருங்க" என்று எப்போதோ சொல்லியிருப்பார். ஆனால் டைல்ஸ்காரரின் ஒரே பையனுக்கும் மெக்கானிக்கின் ஒரே பெண்ணுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, நாற்பது நாள்தான் பாக்கி. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணும் பையனும் ஒன்றரை வருஷம் முன்பே தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் பார்த்து முடித்ததாகச் சொல்லிக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாக விட்டிருந்தார்கள். தெருவுக்கே தெரியும், பெரியவர்கள் இருவருக்கும்தான் தெரியாது.

ஞாயிறு மத்தியானம் மெக்கானிக்கின் மனைவி தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, பிளக்குதான் சரியில்ல, தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டு வேற மாட்டிட்டு வந்துடுங்க. உங்க கிரீடமா கீழ விழுந்துடப் போகுது?"

"நான் போட்டது புது பிளக்குடி."

"இருக்கட்டுமே. பொண்ணைக் குடுக்கற வீடு."

பெண் அப்பாவின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அதற்கு அர்த்தம் அவருக்குப் புரியாமல் இல்லை.

அதனால்தான் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே, புது பிளக்குகளைச் சட்டைப் பையில் போட்டு, டூல்ஸ் பையையும் தூக்கிக்கொண்டு டைல்ஸ்காரர் வீட்டுக்குப் போனார். வந்த வேலை சம்பந்தியின் கௌரவத்தைக் காப்பாற்றுவது. ஆனால் வண்டி திக்கும் நேரத்தில் எதிரே நின்றுகொண்டு கைகளைக் கட்டிப்போட முடியுமா? ஸ்டார்ட் செய்துவிட்டு பானட்டைத் திறந்தார். ஓடுகிற இன்ஜினில் ஒவ்வொரு பிளக் ஒயராகப் பிடுங்கிப் பார்த்தார். முதலாவதைப் பிடுங்கினால் இன்ஜின் தள்ளாடியது, மாட்டினால் நிமிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கியபோது சத்தம் துளியும் மாறவில்லை. வேலை செய்யாதவனை வீட்டுக்கு அனுப்பினால் ஆபீஸுக்கு என்ன தெரியும்?

இன்ஜினை அணைத்துவிட்டு, பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் டார்ச் அடித்தார். உள்ளே தண்ணீர் பளபளவென்று நின்றது. தண்ணீருக்குள் பிளக் எப்படிப் பொறி விடும்?

திரும்பிப் பார்த்தார். சுவரில் ஓஸ் சுருட்டி மாட்டியிருந்தது. சிமெண்டுத் தரையில் ஈரம் இன்னும் காயவில்லை. ஒயர் முனையிலிருந்த ரப்பர் மூடி ஓரத்தில் வெடித்திருந்தது. அந்த வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இன்ஜின் சூடேறி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். வொர்க்‌ஷாப்புக்கு வரும்போது சாட்சியே இருக்காது.

குழிக்குள் இருந்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. ஒரு துணியை விட்டு ஒற்றி எடுத்துவிட்டு, பிளக்தான் கோளாறு என்று சொன்னால் முடிந்தது. மெக்கானிக் துணியை எடுத்தும்விட்டார். அவரைக் குறை சொன்னவர்கள்கூட அதைப் பிற்பாடு மறுக்கவில்லை.

டைல்ஸ்காரர் காபி டம்ளரோடு படியில் வந்து நின்று, மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "மாடி வீட்டுக்காரரே, பாத்துக்கங்க. எனக்குப் போடாம எடுத்துக்கிட்ட புது பிளக்கைத் திருப்பி வைக்க வந்திருக்கார் நம்ம சம்பந்தி."

துணி மறுபடி தோளுக்குப் போனது.

மெக்கானிக்குக் கடை ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு பழக்கம். வண்டியிலிருந்து எதை எடுத்தாலும் வண்டிக்காரர் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. பல் பிடுங்குகிற டாக்டர்கூட அப்படிக் காட்டுவதில்லை என்பாள் தையல்காரம்மா. எண்ணெய் உறிஞ்ச வைத்திருந்த சிரிஞ்சை எடுத்துக் குழிக்குள் விட்டு இழுத்தார்.

"கையை நீட்டுங்க, சம்பந்தி."

டைல்ஸ்காரர் என்னவோ ஏதோவென்று நீட்டினார். உள்ளங்கையில் தண்ணீர் கொட்டியது.

"என்னது இது?"

"நீங்களே சொல்லுங்க."

வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைப் பையன்தான் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அப்பா, நேத்து சாயங்காலம் ஓஸைப் பிடிச்சு இன்ஜினைக் கழுவினீங்களே. வாராவாரம் அதானே. எதுவா இருந்தாலும் டைல்ஸ் மாதிரி மின்னணும் இவருக்கு."

மாடியிலும் சிரித்தார்கள். அங்கேயே நிறுத்தியிருந்தால், டைல்ஸ்காரரும் அசட்டுச் சிரிப்பு சிரித்து, இரண்டாவது டம்ளர் காபி வந்திருக்கும். மூன்று வாரம் திருட்டுப் பட்டம் சுமந்த வாய் நிற்குமா?

"வண்டி திக்கல சம்பந்தி, முங்கிக் கிடந்துச்சு. குளிப்பாட்டத் தெரிஞ்சா போதாது, துவட்டவும் தெரியணும்."

மாடியில் யாரோ கைகூடத் தட்டினார்கள்.

டைல்ஸ்காரர் உள்ளங்கையைத் துண்டில் துடைத்தார். "சரி, மெக்கானிக். நீங்க கிளம்பலாம்."

சம்பந்தி என்ற சொல் போய் மெக்கானிக் வந்ததை, வீட்டுக்குப் பாதி வழி நடந்த பிறகுதான் அவர் கவனித்தார்.

புதன்கிழமை டைல்ஸ்காரரின் மச்சான் மெக்கானிக் வீட்டுக்கு வந்து, பையன் கல்யாணத்துக்கு இப்போது அவசரமில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். பையனின் போன் அணைந்தே கிடந்தது. பல்லைத் தேய்த்துக்கொண்டே உண்மை பேசியவனுக்கு, அப்பா எதிரில் வாயைத் திறக்க அதற்குப் பிறகு வரவில்லை.

"என்மேல தப்பு இல்லேன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சும்மா" என்றார் மெக்கானிக், பெண்ணிடம்.

"தண்ணிதானேப்பா" என்றாள் அவள். "துடைச்சுட்டு வந்திருக்கலாம்."

தையல்காரம்மா மெக்கானிக் பக்கம். நியாயம் நியாயம்தானே என்பாள். அவளுக்குப் பெண் கிடையாது.

நாலே மாதத்தில் பையனுக்குப் பெயிண்ட் கடைக்காரர் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. மெக்கானிக்கின் பெண் லேபின் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு வருஷம் கழித்து அங்கேயே கூட வேலை பார்க்கும் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறாள். அப்பாவை வரச் சொல்லி இதுவரை அழைப்பு எதுவும் இல்லை.