ஆறாவது கைப்பிடி

அப்பாவின் தாடையைத் தாங்கிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, சுனில்டா எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டையை மாட்டினாள். அம்மா எதெல்மிரா நாற்காலியைவிட்டு எழவில்லை.

“எங்கடி போற? மூணு மணிக்குத் தூக்குறாங்க.”

“வேலைக்கு.”

“அப்பன் கிடக்கையில என்னடி வேலை?”

சுனில்டா வெளியே வந்தாள். வால்பரைசோ நகரில் அவர்கள் குடியிருந்த குன்றில் இரண்டு மரக்கூண்டுகளை ஒரே கம்பிவடத்தில் பிணைத்து, ஒன்று ஏற ஒன்று இறங்க ஓடும் லிஃப்ட் அவர்கள் வீட்டைவிடப் பழையது. நீராவியில் ஓடிய நாளில் தாத்தா கரி அள்ளிப் போட்டார். மோட்டார் வந்தபின் அப்பா எவரிஸ்தோ மேல் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் பிரேக் பிடித்தார். இப்போது அங்கே அவள்.

வடத்தில் இழைகள் அறுந்து முள்முள்ளாக நிற்கின்றன என்று அப்பா மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். மேற்பார்வையாளர் டோன் லெயோன்சியோ மூன்றையும் மேசைக்குள் போட்டுவிட்டு, வடம் நன்றாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை வடம் அறுந்தது. துணி வெளுக்கிற ஒருத்தி செத்தாள். விசாரணையில் அந்தக் காகிதங்களைக் காணோம். பிரேக் பிடித்தவன் குடித்திருந்தான் என்றார் டோன் லெயோன்சியோ. அன்று அப்பாவின் வாயில் காபியைத் தவிர எதுவும் படவில்லை. அதற்கப்புறம் பதினான்கு வருஷம், அதே குன்றின் படிகளில் முதுகில் எரிவாயு உருளை சுமந்தார். கூண்டில் ஒருநாளும் கால் வைக்கவில்லை.

அந்தக் குன்றில் ஒரு வழக்கம். சவப்பெட்டிக்கு ஆறு கைப்பிடி. பகையாளி ஒருத்தன் ஒன்றைப் பிடித்துக் கடைசிப் படிவரை இறக்கிவிட்டால் கணக்கு தீர்ந்தது. பிறகு யாரும் பழசை வாயில் எடுக்கக் கூடாது. ஆறாவது கைப்பிடி தனக்கு வேண்டுமென்று டோன் லெயோன்சியோ நேற்று ஆள் அனுப்பியிருந்தார். தம்பி ராமிரோ தலையாட்டினான். இன்னும் எத்தனை நாளைக்கு இதைக் கட்டி அழுவது என்று அம்மாவும் சரி சொல்லிவிட்டாள். சுனில்டாவை யாரும் கேட்கவில்லை.

டோன் லெயோன்சியோவின் எழுபத்தெட்டு வயது முழங்கால் இறங்கினாலும் இறங்கும், நூற்றெண்பத்திரண்டு படி ஏறாது. லிஃப்டில்தான் வந்தாக வேண்டும்.

மூன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் கூண்டை ஏற்றச் சொல்லிக் கீழிருந்து மணி வந்தது. ஏறும் கூண்டில் கறுப்பு டையும் மலர்வளையமுமாக அவர் நின்றார். பக்கத்தில் ரொட்டிக்காரி டோனா ஹெர்மிந்தா. கூண்டு பாதிக் குன்றுக்கு வந்ததும் சுனில்டா மின்சாரத்தை நிறுத்தி பிரேக்கைப் போட்டாள்.

அவர் ஜன்னலில் தலையை நீட்டி மேலே பார்த்துக் கத்தினார். “என்னம்மா ஆச்சு?”

“வடத்துல இழை முள்ளா நிக்குது ஐயா.”

“போன மாசம்தானே புது வடம் போட்டாங்க?”

“எழுதிக் குடுத்திருக்கேன். யாராவது படிச்சுட்டுச் சொல்ற வரைக்கும் இருங்க.”

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். டோனா ஹெர்மிந்தாவுக்கு முதலிலேயே விளங்கிவிட்டது. “உக்காருங்க டோன் லெயோன்சியோ. எனக்கொண்ணும் அவசரமில்ல. என் ரொட்டி ஆறினாலும் விக்கும்” என்றாள்.

லிஃப்ட் பாதையை ஒட்டிய படிக்கட்டின் உச்சியில் பெட்டியோடு ஐந்து பேர் நின்றார்கள், பக்கத்தில் அம்மா. ராமிரோ நிலைய ஜன்னலுக்கு வந்தான்.

“அக்கா, அந்தாளை ஏத்திவிடு. பாதிரியார் கீழ எவ்வளவு நேரம் நிப்பாரு?”

“பழுதுடா.”

“நீ வரணுமே. அப்பாவுக்கு நீ மண்ணு போட வேணாமா?”

“பிரேக்கை விட்டுட்டு எப்படிடா வர?”

அவன் கூண்டைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான், திரும்பிப் போனான். அவன் என்ன சொன்னானோ, அம்மா தலையைத் தூக்கி நிலையத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைப்பையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, குனிந்து ஆறாவது கைப்பிடியைப் பிடித்தாள்.

பெட்டி படிப்படியாக இறங்கியது. கூண்டை ஒட்டி, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் போனது. டோன் லெயோன்சியோ எழுந்து மலர்வளையத்தை ஜன்னல் வழியே நீட்டினார். யாரும் வாங்கவில்லை. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த படி எங்கே என்று காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

வளைவில் முதலில் பெட்டி மறைந்தது, பிறகு அம்மாவின் கறுப்புத் தலைத்துணி. சுனில்டா ஜன்னலில் எக்கிப் பார்த்தாள். அதற்குமேல் கையைப் பிரேக்கிலிருந்து எடுத்தால்தான் தெரியும். கூண்டில் டோனா ஹெர்மிந்தா ஒரு ரொட்டியைப் பிய்த்து, பாதியை அவரிடம் நீட்டினாள். இரண்டு கையிலும் வளையத்தைப் பிடித்திருந்ததால் அவரால் வாங்க முடியவில்லை.