மஞ்சள் குறி

காரைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்த மச்சான், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பிப் போனார். நான் பனியில் கால் மாற்றி மாற்றி நின்றேன்.

"காட்டுல யாரு மச்சான் காரைத் திருடப் போறா?"

"உனக்கென்ன மாப்ளே, தங்கச்சியக் குடுத்ததுக்கே ரசீது வாங்காம விட்டுட்டேன். இதுலயாவது உஷாரா இருக்கேன்."

என் மனைவியின் அண்ணன். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு லீவு நாளிலாவது ஸ்டியரிங்கைத் தொடாமல் மலை ஏற வேண்டும் என்பது அவர் ஆசை. மரங்களில் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் மறுபக்கம் இறங்கிவிடலாம் என்று விசாரித்து வைத்திருந்தார்.

மதியம்வரை சரியாகத்தான் போனோம். பிறகு வெண்பனி கொட்டிப் பாதையை மூடிவிட்டது. குறிகள் மட்டும் இருந்தன. முதலில் நூறடிக்கு ஒன்று. பிறகு பத்தடிக்கு ஒன்று. "பாத்தியா, நம்ம மேல எவ்வளவு அக்கறை" என்றார். இன்னும் கொஞ்சம் போனதும் எந்தப் பக்கம் திரும்பினாலும் மஞ்சள். வெட்டுவதற்குக் குறித்த மரங்கள் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பலாமென்றால் எங்கள் கால்தடங்களையும் பனி தின்றிருந்தது.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. சரிவில் அவர் கால் வேரில் மாட்டி முறிந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. தூக்கிப் பார்த்தேன், நாலடிகூட முடியவில்லை. ஒரு மரத்தில் சாய்த்து உட்காரவைத்து, என் ஸ்வெட்டரையும் கழற்றிப் போர்த்தினேன்.

"போய் ஆளைக் கூட்டிட்டு வா மாப்ளே. நான் எங்க போயிடப் போறேன்?"

"தூங்கிடாதீங்க மச்சான்."

"பஸ் டிரைவர்கிட்ட சொல்ற பேச்சாடா இது?"

கீழே இறங்கத்தான் கால் போனது. மேலே ஒரு மஞ்சள் குறி தெரிந்ததும், மரம் வெட்டுகிற ஆட்கள் அந்தப் பக்கம்தான் இருப்பார்கள் என்று திரும்பிவிட்டேன். அதற்குப்பின் குறியிலிருந்து குறிக்கு நடந்தேன். இருட்டும்போது மரம் வெட்டுகிறவர்களின் கொட்டகையை எட்டினேன். விளக்கோடு ஆட்கள் கிளம்பினார்கள். எங்கே விட்டீர்கள் என்று கேட்டார்கள். குறி போட்ட மரங்களுக்கு நடுவே என்றேன்.

"குறி போட்டது நான்தாங்க" என்றார் அவர்களில் வயதானவர். "மூவாயிரம் மரம்."

விடிந்த பிறகுதான் கிடைத்தார். கண் திறந்தே இருந்தது.

என் மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பதினாறாம் நாள், "எந்தப் பக்கமா போனீங்க?" என்று மட்டும் கேட்டாள். "மேல" என்றேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வெயில் காலம் வந்ததும் அங்கே தனியாகப் போனேன். அவர் சாய்ந்திருந்த இடத்திலிருந்து நேராகக் கீழே நடந்தால் தார்ச்சாலை வருகிறது. நானூற்றுப் பன்னிரண்டு காலடி. அதன்பின் இரண்டு முறை போய் எண்ணிவிட்டேன். அதே நானூற்றுப் பன்னிரண்டு.