கண்ணுக்கு மறைத்த அட்டவணை

வாண்டு ஒருவழியாக உறங்கிவிட்டான் என்பதை அவனது மூச்சே அவளுக்கு அறிவித்தது. முந்தைய நாள் வரை மரம் அறுக்கும் வாளைப் போல இழுத்துக்கொண்டிருந்த அம்மூச்சு, இப்போது இடையிடையே தடுக்கினாலும் ஓரளவு சீராக ஓடிக்கொண்டிருந்தது. மருந்துப் புகை செலுத்தும் கருவியை நிறுத்திவிட்டுச் செவிலி அடுத்த கட்டிலுக்குச் சென்றிருந்தாள். கட்டிலின் மறுபுறம் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அவர் தொண்டையைச் செருமிய விதத்திலேயே, நெடுநேரம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த ஒன்றைச் சொல்லப்போகிறார் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

“நடந்தது நடந்துபோச்சு. நான் உன்னைக் குத்தம் சொல்லல. இனிமே வாரா வாரம் என்னை ஒரு வார்த்தை கேட்டுடு, நான் பார்த்துச் சொல்றேன். அந்தக் காய்ச்சல் படத்துல நம்ம பக்கம் செக்கச்செவேல்னு இருக்கு.”

“நீங்க எப்பப் பார்த்தீங்க?”

“நேத்துதான், இங்க வந்தப்புறம்.”

“நான் திங்கக்கிழமை காலைலயே கேட்டேன். ரொம்பக் குறைச்சல்னுதான் சொல்லுச்சு.”

“வேற பகுதியோட கணக்கு காதுல விழுந்திருக்கும். அது பேசற வேகத்துக்கு யாருக்குப் புரியும், விடு.”

அவர் குரலில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்து மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பாள். இருந்ததோ பரிவு. பரிவோடு எவ்வாறு சண்டையிடுவது?

அவள் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். சரக்கு நிறுவனம் ஒன்றில் தொலைபேசி அழைப்புகளை வாங்கி உரியவர்களுக்கு இணைத்துக் கொடுக்கும் பணியில் இருந்தாள். மகனுக்கோ இழுப்பு. ‘உங்கள் பகுதியில் மார்புக் காய்ச்சல் கூடும் வாரங்களில் இவனைக் குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பாதீர்கள்’ என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறியிருந்தார். எந்தப் பகுதியில் எவ்வளவு காய்ச்சல் என்பதை நலவாழ்வுத் துறை வாரந்தோறும் தன் இணையதளத்தில் வெளியிட்டு வந்தது. ஆனால் அத்தனையும் வண்ணம் தீட்டிய வரைபடமாக இருந்தது. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளுக்கு அவள் ‘வாயாடி’ என்று பெயரிட்டிருந்தாள். அவ்வாயாடியோ அந்தப் பக்கத்துக்கு வந்ததும் ‘படம், படம், பொத்தான், படம்’ என்று திக்கி நின்றுவிடும். ஆதலால் ஒவ்வொரு வாரமும் கணவரிடமோ, எதிர் வீட்டாரிடமோ, உடன் பணிபுரிபவரிடமோ ‘கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?’ என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். அவ்வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி அவள் நாக்கே தேய்ந்துபோயிருந்தது.

இந்நிலையை மாற்றியவன் அவளுடைய தம்பி. அத்துறையிலேயே இணையப் பக்கங்களைக் கட்டமைக்கும் பணி செய்தவன், மேலதிகாரியிடம் மன்றாடி, வரைபடத்தின் எண்களை வாயாடி வரிவரியாகப் படிக்கும்படி ஓர் அட்டவணையை அமைத்தான். அன்றுமுதல் மகனை அனுப்புவதா வேண்டாமா என்பதைத் திங்கட்கிழமைதோறும் அவளே முடிவு செய்தாள். அலுவலகத்தில் இதைப் பேசிப் பேசி எல்லோருடைய காதையும் புளிக்க வைத்திருந்தாள். அந்த முடிவுகளுள் ஒன்றுதான் இப்போது மூன்றாம் கட்டிலில் படுத்திருந்தது.

கைத்தடியை விரித்துக்கொண்டு மாடிப்படி ஓரத்துக்குச் சென்று, கைபேசியின் செவிப்பொறியைக் காதில் செருகிக்கொண்டு வாயாடியை எழுப்பினாள். இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தாள். தன் பகுதிக்கு உரிய எண்ணைக் கேட்டாள். அதே குறைந்த எண். தன் செவியில் பிழை இல்லை. பின்பு ஏதோ நினைத்து, முந்தைய வாரத்தைத் தேர்ந்தெடுத்தாள். அதே எண். அதற்கும் முந்தைய வாரம்; அப்போதும் அதுவே. பக்கத்துப் பகுதியையும் அதற்கு அப்பால் உள்ளதையும் கேட்டுப் பார்த்தாள். எந்த வாரத்தைத் தொட்டாலும் எதுவும் இம்மியும் அசையவில்லை. திங்கள்தோறும் ‘குறைவு’ என்று தெரிந்ததும் நிறுத்திவிடுவாளே தவிர, எண்ணை அவள் நினைவில் வைத்ததில்லை. நோய்க்கு இத்தனை ஒழுக்கம் இருக்க நியாயமில்லை.

முதலில் அவளுக்கு மகிழ்ச்சிதான் உண்டாயிற்று. உள்ளே மகன் கட்டிலில் கிடக்க, படிக்கட்டில் நின்று மகிழ்கிறோமே என்று மறுகணமே உடல் கூசியது. தம்பியை அழைத்தாள்.

“டேய், உன் அட்டவணை செத்துப் பல வாரம் ஆச்சு போலிருக்கு. யாராவது நாடி பிடிச்சுப் பார்த்தீங்களா?”

மருத்துவமனைத் தேநீர்க் கடைக்கு அவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டே வந்திருந்தான். வாரத்தை மாற்றினால் வரைபடம் மாறும்; அட்டவணையோ வெளியிட்ட முதல் வாரத்தின் எண்களிலேயே உறைந்து நின்றிருந்தது.

“நான் கேட்டுப் பார்த்துதான்க்கா விட்டேன். படத்தையும் பார்த்தேன், அட்டவணையையும் கேட்டேன், ரெண்டும் சரியா இருந்துச்சு.”

“எந்த வாரம்?”

“அப்ப ஒரு வாரம்தானே இருந்துச்சு.”

“சரி. அதுக்கப்புறம் உங்க ஆபீஸ்ல வேற யாரும் பார்க்கலையா?”

“பார்க்க முடியாதுக்கா. அது கண்ணுக்குத் தெரியாத மாதிரி மறைச்சு வெச்சது. வாயாடி மட்டும்தான் படிக்கும். பக்கத்தோட அழகு கெடக்கூடாதுன்னு அப்படிச் செய்யச் சொன்னாங்க.” அவன் தேநீர்க் குவளையை நகர்த்தி வைத்தான். “மாமாகிட்ட நானே சொல்லிடறேன். இன்னிக்கே சரி பண்ணிடறேன். இனி வாரா வாரம் நானே உனக்கு போன் பண்ணி எண்ணைச் சொல்லிடறேன், போதுமா?”

“போதாது. கேட்டுத் தெரிஞ்சுக்க எனக்கு ஆள் பஞ்சமா? வீட்டுலயே ஒருத்தர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கார். நாளைக்கு உன் மேலாளரைப் பார்க்கணும், கூட்டிட்டுப் போ.”

மேலாளரின் அறை குளிரூட்டியின் முனகலும் புதிய தரைவிரிப்பின் வாடையும் நிறைந்திருந்தது. மேலாளர் அம்மாள் எழுந்து வந்து அவள் கையைப் பற்றி நாற்காலியில் அமர்த்தினார். குழந்தையைப் பற்றி உள்ளபடியே வருந்தினார். பக்க வடிவமைப்பாளரும் வந்திருந்தார். திரையில் இயன்ற அளவு வெற்றிடம் விடவேண்டும் என்னும் பிடிவாதத்தால் அவருக்கு அலுவலகத்தில் ‘சுண்ணாம்பு’ என்று பெயர். அதை அவரே சொல்லிச் சிரிப்பவர்.

“தப்பு நடந்துடுச்சு, அறிவிப்பு போடத்தான் போறோம்,” என்றார் மேலாளர் அம்மாள். “ஆனா கேட்டுப் படிக்கிறவங்களுக்கு மட்டும் வர்ற மாதிரி போட்டாப் போதும்னு தோணுது. பார்க்கிறவங்களுக்குச் சரியான கணக்குத்தானே போச்சு? அவங்களை எதுக்கு வீணா கலவரப்படுத்தணும்?”

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

“அம்மா, எனக்குக் கிடைச்ச கணக்கு தப்புன்னு எனக்கு நேத்தே தெரியும். என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியாது. நான் சரியா கேட்கலைன்னு நினைச்சுட்டு இருக்கார். இதையும் என் காதுக்கு மட்டும் சொன்னீங்கன்னா, அதையும் நான் சரியா கேட்கலைன்னு சொல்லிடுவார்.”

“அறிவிப்பை எல்லாரும் பார்க்கிற மாதிரி போடலாம் மேடம்,” என்று தம்பி தொடங்கினான். “அட்டவணையையும் வெளிய எடுத்துடலாம். படத்துக்குக் கீழயே இருக்கட்டும். மறைச்சு வெச்சதாலதான் இத்தனை நாள் ஒருத்தர் கண்ணுலயும் படல. என் கண்ணுலயும்தான்.”

“ஐயோ, அவ்வளவு நீளத்தையா?” சுண்ணாம்பின் குரலில் உண்மையான வேதனை ஒலித்தது. “புது வீட்டு வாசல்ல துணி காயப்போட்ட மாதிரி இருக்குமே.”

“காயட்டும் சார்,” என்றாள் அவள். “மூட்டை கட்டி உள்ள வெச்சதுதான் இப்ப நாறுது.”

முதலில் சிரித்தவர் சுண்ணாம்புதான். மேலாளர் அம்மாள் சிரிக்கவில்லை. மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டியவர் அவரல்லவா? எனினும், சற்று நேரம் பேனாவால் மேசையைத் தட்டியபின், “சில வாரம் அப்படி விட்டுப் பார்ப்போம்,” என்றார்.

அன்று மாலையே அறிவிப்பு வெளியாயிற்று. மருத்துவமனைக் கட்டிலின் அருகே கணவர் அதைத் தம் கைபேசியில் படித்தார். முதலில் வாய்க்குள்ளும் பின்பு உரக்கவும். உரக்கப் படிக்கும்போது பாதியில் நிறுத்தி, மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்கினார். முடித்தபின் எழுந்து சென்று, அவளுக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கி வந்தார்.

“சூடா இருக்கு, பார்த்து,” என்றார். பிறகு, “மச்சானை ரொம்பத் திட்டிட்டியா?” என்றார்.

“மிச்சம் இருக்கு. உங்களுக்கு வேணுமா?”

“கொடு,” என்று அவர் வாங்கிக்கொண்டார்.

வாண்டு வீடு திரும்பிச் சில வாரங்கள் கழிந்த ஒரு திங்கட்கிழமை. காலையில் அவள் சமையலறையில் நின்று வாயாடியைக் கேட்டாள். எண் கூடியிருந்தது. கூடத்தில் கணவர் மகனுக்குக் காலணி மாட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்குக் காப்பகம் வேண்டாங்க. கழட்டிடுங்க.”

“நான் இப்பத்தானே பார்த்தேன், பச்சையா இருக்கு.”

“படத்துக்குக் கீழ அட்டவணை இருக்கு, அதைப் பாருங்க.”

அவர் விரல் திரையில் உரசும் ஒலி கேட்டது. நெடுநேரம் உரசிற்று. “அட, ஆமா. மேல பச்சையா இருக்கு, கீழ எண் எகிறிக் கிடக்கு. என்னதான் வேலை பார்க்கிறாங்க இவங்க?” என்று முணுமுணுத்துக்கொண்டே எதையோ தட்டச்சு செய்யத் தொடங்கினார். இடையில் ‘மெத்தனம்’ என்பதற்கு இன்னும் கடுமையான சொல் ஏதேனும் உண்டா என்று அவளிடம் கேட்டார். அவள் தாராளமாக இரண்டு சொற்கள் வழங்கினாள்.

சற்று நேரத்தில் தம்பி அழைத்தான். அவன் குரலில் பரபரப்பும் பெருமிதமும் கலந்திருந்தன.

“அக்கா, விஷயம் தெரியுமா? படமும் அட்டவணையும் ஒத்துப் போகலைன்னு யாரோ ஒரு மனுஷன் கிழிகிழின்னு கிழிச்சு எழுதியிருக்கார். கண்ணால பார்த்துக் கண்டுபிடிச்சிருக்கார்க்கா. இங்க எல்லாரும் ஆடிப்போயிருக்கோம்.”

“யாரோ இல்லடா, உன் மாமாதான். காலணியைக் கையில வெச்சுக்கிட்டே எழுதினார்.”

“மாமாவா!” என்று சிரித்தவன், “எது தப்புன்னு இன்னும் தெரியலக்கா. படமா, அட்டவணையான்னு பார்த்துட்டிருக்கோம்,” என்றான்.

“நிதானமா பாருங்க,” என்றாள் அவள். “எது சரின்னு தெரியற வரைக்கும் இவன் வீட்டுலதான் இருப்பான். நான் முடிவு பண்ணிட்டேன்.”

கூடத்தில் கணவர், அடம்பிடிக்கும் மகனின் மற்றொரு காலணியையும் கழற்றிக்கொண்டிருந்தார்.